அடிபட்ட பழம்

பழக்கடைக்காரர் வீட்டில் எந்நேரமும் பழம் கிடக்கும் என்று நினைக்கிறவர்கள், பழக்கடைக்கு அடுத்த கடையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன். மத்தளத்தின் பழக்கடைக்கும் என் சாவிக் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் நீட்டலாம். அவர்கள் வீட்டுச் சண்டை, சமையல், சம்பந்தி வீட்டுப் புகார் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒட்டுக் கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு சாவிக்கு அரம் போட முடியாது.

மத்தளம் என்பது சந்தையில் அவருக்கு வைத்த பெயர். தர்ப்பூசணியை மடியில் போட்டு இரண்டு கையாலும் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், திருப்பிப் போட்டு மறுபடியும் தட்டுவார். விற்கிறவன் பொறுமை இழந்து கொட்டாவி விட்ட பிறகுதான் ஒன்றை எடுத்து ஓரமாக வைப்பார். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் மனைவி எனக்கு அண்ணி.

விடிவதற்கு முன்பே அண்ணன் சந்தைக்குப் போய்விடுவார். எடுத்த சரக்கை வண்டிக்காரர் தன் மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். அதன் பிறகு கடை அண்ணியின் ராஜ்யம். ஒவ்வொரு பழமாக ஈரத்துணியால் துடைத்து அடுக்குவார். சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வரக் கூடாது. மாதுளையை அடுத்துக் கொய்யா, கொய்யாவை அடுத்து ஆரஞ்சு, ஆரஞ்சை அடுத்துக் கறுப்புத் திராட்சை, அதற்கப்புறம் அறுத்து வைத்த பப்பாளி. வெயில் ஏறி எதிர்ச்சாரிக் கட்டடத்தைத் தாண்டி உள்ளே விழும்போது தெருவில் போகிறவன் தானாக நின்றுவிடுவான்.

"எப்படி அண்ணி இவ்வளவு எடுப்பா தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பக்கத்துல உங்க கடை இருக்குல்ல தம்பி, அதனாலதான்" என்றார். என் கடையில் தொங்குவது முழுக்கத் துருப்பிடித்த சாவிகள்.

பழத்தை அடுக்குகிற கைக்கு இணையாக வாயும் ஓடும். மாதுளை எடுத்தால் ரத்தத்துக்கு நல்லது, பப்பாளி கண்ணுக்கு, கொய்யா சாப்பிடுகிற வீட்டில் சளி தங்காது, கறுப்புத் திராட்சையைத் தோலோடு மெல்ல வேண்டும், சத்தெல்லாம் அந்தத் தோலில்தான் இருக்கிறது. ஒரு கிலோ வாங்க வந்தவர் இரண்டு பை நிறையக் கொண்டுபோவார். எனக்கே பலமுறை ஆசை வந்து வாங்கியிருக்கிறேன், அதுவும் சாவி ஒன்றுகூட விற்காத நாளில்.

இத்தனை சொல்கிற அண்ணி நல்ல பழம் எதையும் வாயில் வைத்ததில்லை. அது அந்த வீட்டுச் சட்டம். நல்லது கடைக்கு, அடிபட்டது வீட்டுக்கு. கடை போட்ட புதிதில் கையில் ஒன்றும் இல்லாத காலத்தில் வந்த பழக்கம், கடை நிமிர்ந்த பிறகும் போகவில்லை. நசுங்கியது, வெடித்தது, பறவை கொத்தியது என்று ஏதாவது இருந்தால் பலகைக்கு அடியில் ஒரு வாளியில் விழும். சாயங்காலம் அதுதான் வீட்டுக்குப் போகும்.

அந்த வாளி பெரும்பாலும் காலியாக இருந்ததுதான் வேடிக்கை. அண்ணன் பழத்தைத் தொடுவதைப் பார்த்தால், பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இருக்கும். வண்டிக்காரரும் அப்படித்தான். அவர் வண்டியில் முட்டை போகும், கண்ணாடி போகும், ஒன்றிலும் கீறல் விழாது. இப்படி இரண்டு கெட்டிக்காரர்களுக்கு நடுவில் அகப்பட்ட வீட்டுக்காரம்மாவுக்குப் பழம் எங்கே கிடைக்கும்?

கோடை தொடங்கின சமயத்தில் அண்ணி அடிக்கடி உட்கார ஆரம்பித்தார். நின்றுகொண்டே நாளை ஓட்டுகிறவர் முக்காலியைத் தேடினார். ஒரு கூடையைத் தூக்கி வைத்தால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். முகத்தில் ரத்தமே இல்லை. கேட்டால் "வெயில் தம்பி" என்பார். ஒரு மத்தியானம் திராட்சைக் கொத்தைக் கையில் பிடித்தபடியே சரிந்தார். நான் தடுப்பைச் சுற்றி ஓடுவதற்குள் அண்ணன் தாங்கிப் பிடித்துவிட்டார். திராட்சை ஒன்றுகூடக் கீழே விழவில்லை. அந்த நிலையிலும் அண்ணி அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அண்ணனுக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது, கூட ஓர் ஆள் வேண்டும் என்றார். கர்ப்பப்பையில் கட்டி, பயப்பட வேண்டிய கட்டி இல்லை, ஆனால் அதனால் மாதா மாதம் ரத்தம் நிறையப் போயிருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகும் என்று சொன்னார்கள். பல மாதமாக அண்ணி யாரிடமும் மூச்சு விடவில்லை. கட்டியை எடுக்க வேண்டிய டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே."

"கடைவீதியில பழக்கடைம்மா. போன வாரம்கூட மாதுளை வாங்கிட்டுப் போனீங்க."

"ஆமா. ரத்தத்துக்கு நல்லதுன்னு சொல்லி, ஒண்ணு கேட்டதுக்கு மூணு கட்டிக் கொடுத்தீங்க." டாக்டரம்மா மறுபடியும் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "நீங்க சாப்பிடறதில்லையா?"

"எங்களுக்கு அது வியாபாரம்மா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரத்தம் இப்ப எட்டுதான் இருக்கு. பத்தைத் தாண்டாம நான் கத்தியைத் தொட மாட்டேன். ரத்தப்போக்கு நிக்க மருந்து தரேன். இரும்புச் சத்து மாத்திரை தரேன். அதை எதோட போடுவீங்க?"

"டீயோட."

"டீயோட போட்டா உடம்புல சேராது. பாதி வீணாப்போகும். கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிட்டு, அதோட போடுங்க. நல்லா சேரும். கீரை, பருப்பு, முட்டை எல்லாம் வேணும். பழம் தினமும். ஒரே நிறமா சாப்பிடாதீங்க. சிவப்பு, மஞ்சள், ஊதான்னு மாத்தி மாத்திச் சாப்பிடுங்க. ஒவ்வொரு நிறத்துலயும் ஒவ்வொரு சத்து இருக்கு."

"தெரியும்மா" என்றார் அண்ணி. "நான்தானே எல்லாருக்கும் சொல்றேன்."

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதற்குள் ஏறாவிட்டால் தேதி தள்ளிப்போகும், தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் இருக்கிற ரத்தமும் குறையும் என்று டாக்டரம்மா அண்ணனிடம் தனியாகச் சொன்னார். வெளியே வந்து அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார். "கடை முழுக்கப் பழத்தை வெச்சுக்கிட்டு இவளை இப்படி விட்டுட்டேனே" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. அண்ணன் சந்தையில் தேடிப் பிடித்த மாதுளை ஒன்றை அண்ணியின் சாப்பாட்டுப் பையில் வைத்தார். மத்தியானம் பையைத் திறந்த அண்ணி, "கடைப் பழம் இதுல எப்படி வந்துச்சு?" என்று எடுத்துத் துடைத்து, குவியலின் உச்சியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது விற்றுப்போனது. அடுத்த நாள் ஆரஞ்சு. அதுவும் போனது. மூன்றாம் நாள் அண்ணன் கையிலேயே கொடுத்தார்.

"இந்தா, என் எதிர்ல சாப்பிடு."

"சாப்பிடறேன். வெச்சிட்டுப் போங்க."

அவர் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்புவதற்குள் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து கேட்டாள் என்று கொடுத்துவிட்டார். "அவளுக்கு ரெண்டு உயிருங்க. எனக்கு என்ன?" என்றார்.

அவர்கள் மகள் டவுன் பஸ் ஓட்டுகிறாள். கல்யாணமாகி வேறு பேட்டையில் இருந்தாலும் அவள் பஸ் தினமும் எங்கள் தெருவில்தான் வரும். கடைக்கு எதிரே நிறுத்தம். ஆள் இறங்கி ஏறுகிற நேரத்துக்குள் சன்னல் வழியாக அம்மாவை விசாரித்துவிடுவாள்.

"அம்மா, மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"எதோட?"

அண்ணி பழத்தைத் துடைக்கத் திரும்பிவிடுவார். அண்ணன் உள்ளேயிருந்து, "டீயோட" என்று போட்டுக் கொடுப்பார்.

"கொய்யா சாப்பிடுன்னு சொன்னாங்கல்ல? எதிர்ல அத்தனை இருக்கு. ஒண்ணை எடுத்துக் கடிச்சா என்ன?"

"அது விக்கிறதுக்குடி. பஸ்ஸை எடு, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்." பஸ்ஸுக்குள் திரும்பி, "இவங்க எங்கம்மா. பழக்கடை வெச்சிருக்காங்க. ஒரு கொய்யா சாப்பிட மாட்டேங்கறாங்க" என்பாள். முன் சீட்டில் இருக்கிற கண்ணாடிக்கார அம்மா, "சாப்பிடும்மா, நானும் அப்படி இருந்துதான் படுத்தேன்" என்று தன் கதையை எடுப்பார். பின்னாலிருந்து ஒருவர் நேரமாகிறது என்று கத்துவார். எங்கள் தெருவில் அந்த பஸ் கிளம்புவதற்குள் பாதி ஊருக்கு அண்ணியின் உடம்பு தெரிந்துவிட்டது.

எதற்கும் அண்ணி அசையவில்லை. அவர் பிடிவாதக்காரி என்று சொல்ல மாட்டேன். நல்ல பழத்தைப் பார்த்தால் அவர் கை தானாகக் குவியலுக்குப் போகிறது, வாய்க்குப் போக அதற்குப் பழக்கமில்லை. ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார்: "எடுக்கறேன் தம்பி. கடிக்கணும்னு நினைக்கும்போது, இது யாருக்கோ உள்ளதுன்னு தோணுது."

பிறகு ஒரு காலையில் அதைப் பார்த்தேன். கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு, தண்ணீர்க் குழாய் அங்கேதான். நான் குடத்தோடு போனேன். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். கையில் நல்ல சிவப்பில் ஒரு மாதுளை. அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு சுவரில் ஓர் இடி இடித்தார்.

மாதுளை லேசாக வெடித்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த அடி தன் பல்லிலேயே பட்ட மாதிரி இருந்தது.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி திரும்பினார். "மெதுவாப் பேசு. அவ காதுல விழுந்துடும்."

"மாதுளையை எதுக்கு இடிக்கறீங்க?"

"அடிபட்டதுன்னா சாப்பிடுவா இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது தர்ப்பூசணியைத் தட்டி ஒன்றை எடுக்கிற மனிதர், அன்றைய சரக்கிலேயே அருமையானதைத் தேர்ந்தெடுத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல கொஞ்சம் பழுதானதாப் பார்த்து வெச்சேன். சத்தில்லாதது எதுக்கு அவளுக்கு? நல்லதா எடுத்து, எடுத்த உடனே அடிக்கறேன். அப்ப உள்ளே எதுவும் கெடாது" என்றார். "பப்பாளிக்குக் கட்டைவிரல் போதும். கொய்யாதான் கஷ்டம், அழுத்தினா எனக்கே மனசு கேக்க மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. வாளியில் தினமும் பழம் விழ ஆரம்பித்தது. அண்ணி வாளியைப் பார்த்து, "ஐயோ, இவ்வளவு நல்ல பழம் வீணாப்போச்சே" என்று வருத்தப்பட்டுக்கொண்டே சாப்பிட்டார். காலையில் மாத்திரையோடு நசுங்கின கொய்யா, மத்தியானம் பருப்புச் சோற்றுக்குப் பிறகு ஒரு பக்கம் குழிந்த பப்பாளி, சாயங்காலம் வெடித்த மாதுளை. வீணாகக் கூடாது என்ற அக்கறையில் ஒரு முத்து விடாமல் தின்றார். டாக்டரம்மா கேட்ட நிறமெல்லாம் உள்ளே போயிற்று. மகளும் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு, "அப்படித்தான்" என்று ஹாரன் அடித்துவிட்டுப் போனாள்.

அண்ணி முக்காலியை விட்டு எழுந்தார். கூடையைத் தூக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்காமல் பேசினார். கண்ணின் கீழ் இமைக்குள் சிவப்புத் தெரிகிறது என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தெம்பு வந்த மனுஷிக்கு யோசனையும் வந்துவிட்டது.

"உங்க அண்ணனுக்குக் கண்ணு மங்கிடுச்சா தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். "தினமும் அடிபட்ட சரக்கா வருது."

"அவர் கண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணி."

"அப்ப வண்டிக்காரர் வேலைதான். ஆளு முன்ன மாதிரி இல்ல."

அண்ணனிடம் சொன்னேன். "இன்னும் பத்து நாள்தான், ரத்தம் பார்த்துட்டா சரியாயிடும்" என்றார். வண்டிக்காரர் மானஸ்தன். அந்தப் பத்து நாள் அவர் பொறுக்க வேண்டுமே.

பொறுக்கவில்லை. கோடை மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், மறுநாளைக்கு வேண்டிய ஆரஞ்சைக் கொண்டுவந்து இறக்கினார். மழைக்கு ஒதுங்கி நாலைந்து பேர் கடைக் கூரையின் கீழ் நின்றார்கள். அண்ணி வாளியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் பார்த்து இறக்கக் கூடாதா? காலையில வந்ததுல பாருங்க, எப்படி வெடிச்சிருக்கு."

வண்டிக்காரர் குனிந்து பார்த்தார். "இது என் வண்டியில வெடிக்கல."

"வேற எப்படி வெடிக்கும்? தானா வெடிச்சுதா?"

"நான் முட்டை ஏத்தறேன். கண்ணாடி ஏத்தறேன். இது வரைக்கும் ஒருத்தன் என்னை ஒரு சொல் சொன்னதில்ல."

"நான் ஒரு மாசமாப் பார்க்கறேன். தினமும் இப்படித்தான் வருது. வயசாயிடுச்சுன்னா ஓர் ஆளைக் கூட வெச்சுக்கோங்க, தப்பில்ல."

வயசைச் சொல்லியிருக்கக் கூடாது. வண்டிக்காரர் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து உதறினார். "சரிம்மா. நாளையிலிருந்து வேற வண்டி பாருங்க. இவ்வளவு வருஷம் கொண்டுவந்ததுக்கு நல்ல பேர் கொடுத்தீங்க" என்றார். குரல் கம்மியிருந்தது. வண்டியைத் தள்ளிக் கிளப்பப் போனார்.

"நிறுத்துங்க" என்றார் அண்ணன், உள்ளேயிருந்து. "அவர் இல்ல. நான்தான்."

"என்ன நீங்கதான்?" என்றார் அண்ணி.

"அடிச்சது."

ஒதுங்கி நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தார்கள்.

"எதை அடிச்சீங்க?"

"எல்லாத்தையும். நீ நல்ல பழம் தின்ன மாட்டேங்கற. நான் என்ன பண்ணுவேன்?"

அண்ணி வாளியைப் பார்த்தார். "மாதுளையா?"

"பின்னால, சுவத்துல."

"பப்பாளி?"

"கட்டைவிரலால."

"நேத்து அந்த ஆரஞ்சு?"

"ஆரஞ்சை எப்படி அடிக்கறதுன்னு தெரியல. கீழே போட்டேன். அது உருண்டு குழாயடி வரைக்கும் போயிடுச்சு. ஓடிப் போய்ப் பிடிச்சேன்." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "கழுவித்தான் வெச்சேன்."

முதலில் சிரித்தவர் வண்டிக்காரர்தான். சாக்கை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். "என்னடா இது, மத்தளம் இப்ப மாதுளையையும் வாசிக்குதா?" என்றார். கூரையடியில் நின்றவர்களும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் வண்டிக்காரரிடம் போனார்.

"தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க."

"விடும்மா. நாளைக்கும் நான்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு அவர் மழையிலேயே வண்டியைக் கிளப்பினார்.

ரத்தம் ஏறியதா என்று கவலைப்படுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா சொன்ன கெடுவில் பார்த்தபோது பத்தைத் தாண்டி அரையும் இருந்தது. மகள் பஸ்ஸை நிறுத்தி சன்னல் வழியாகச் சொன்னாள், கண்ணாடிக்கார அம்மா உள்ளேயிருந்து கைதட்டினார். டாக்டரம்மா தேதி கொடுத்தார், கட்டி போயிற்று, அண்ணி இப்போது பழையபடி என் சாவிகளைக் கேலி செய்துகொண்டிருக்கிறார். அதெல்லாம் அப்புறம் நடந்தது. அந்த மழைச் சாயங்காலம் எங்களுக்கு எதுவும் தெரியாது. விஷயம் வெளியே வந்துவிட்டது, இனி அண்ணி எதைச் சாப்பிடுவார் என்ற பயம்தான் அண்ணனுக்கும் எனக்கும் இருந்தது.

மழை விட்டது, ஒதுங்கியவர்கள் கலைந்தார்கள். அண்ணி ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அண்ணன் வாசலில் தேங்கிய தண்ணீரைத் தள்ளுவதும் அண்ணியைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் பூட்டு ஒன்றைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தேன். அதில் பழுது எதுவும் இல்லை.

"ஏங்க" என்றார் அண்ணி கடைசியில்.

"என்ன?"

"இனிமே அடிக்காதீங்க."

"நீ சாப்பிடணுமே."

"பழத்தைக் கீழ வைக்கறப்பவே அதுக்கு வலிக்குமோன்னு பார்க்கற ஆளு. தினமும் காலையில கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிருக்கீங்க." அண்ணியின் குரல் உடைந்தது. "வேணாம். நீங்க அடிக்க வேணாம்."

எழுந்துபோய் மாம்பழக் குவியலின் முன்னால் நின்றார். கை ஒன்றை எடுத்தது, வைத்தது, இன்னொன்றை எடுத்தது. ஒரு பக்கம் மஞ்சளும் ஒரு பக்கம் சிவப்புமாகப் பழுத்திருந்த பழம், குவியலிலேயே அதுதான் அழகு. முக்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு கத்தியை எடுத்தார்.

எடுத்தவர் வெட்டவில்லை. பழத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், காம்பைப் பார்த்தார், அடியைப் பார்த்தார். கத்தி பழத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. இத்தனை வருஷமும் அவர் பழத்தைக் கெட்டுப்போன இடத்தில்தான் வெட்டத் தொடங்கியிருக்கிறார், முதலில் அதை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தை. இதில் அப்படி ஓர் இடம் இல்லை.

"இதை எங்கேங்க வெட்டணும்?" என்று கேட்டார், நிஜமாகவே தெரியாமல்.

அண்ணன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் குந்தினார்.

"எங்க வேணும்னாலும் வெட்டு" என்றார்.